கர்ப்பத்தில் குடித்ததை மருத்துவரிடம் சொல்வது யார்? தங்கை மகனுக்காகக் கேட்டவருக்கு

உங்கள் தங்கை மகனுக்கு ஏழு வயது. பள்ளியிலிருந்து வாரம் தவறாமல் புகார் வருகிறது. ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் உள்ள நிலை என்று மாத்திரை ஆரம்பித்தும் பெரிய மாற்றம் இல்லை. அவன் வயிற்றில் இருந்தபோது தங்கை குடித்துக்கொண்டிருந்தது குடும்பத்தில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இப்போதும் பெரும்பாலான இரவுகளில் குடிக்கிறார். "சொன்னால் குடும்பம் உடையும், சொல்லாவிட்டால் பையன் வீணாகிவிடுவான், நான் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு கேள்விக்குள் மூன்று இருக்கின்றன. அவனுடைய பிரச்சினைக்கு அந்தக் குடிதான் காரணமா? அப்படியானால் அவனுக்கு என்ன செய்ய முடியும்? அந்த விஷயத்தை யார், எப்படிச் சொல்வது? கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்க விடாமல் செய்கிறது என்று புரிகிறது. மருத்துவருக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் சொல்ல வேண்டியவர் உங்கள் தங்கை. அவர் பயமில்லாமல் சொல்லும்படி கூட நிற்பதுதான் பெரியம்மாவான உங்களால் செய்யக்கூடிய பெரிய உதவி.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியாகத் தடையில்லாமல் கருவுக்குப் போகிறது. சிறிது நேரத்திலேயே தாயின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ ஏறக்குறைய அதே அளவு குழந்தையின் ரத்தத்திலும் இருக்கும். அதைச் சிதைக்கும் அளவுக்குக் கருவின் கல்லீரல் வளர்ந்திருக்காது. மூளை செல்கள் சாகின்றன. ஓரிடத்தில் தோன்றி இன்னோரிடத்துக்கு நகர வேண்டிய செல்கள் வழி தவறுகின்றன. இணைப்புகள் ஒழுங்காக உருவாவதில்லை. 1968-இல் பிரான்சின் நாந்த் நகரில் பால் லெமுவான் என்ற மருத்துவர், குடிப்பழக்கம் உள்ள பெற்றோரின் 127 குழந்தைகளை ஆராய்ந்து, அவர்களிடம் கண்ட பாதிப்புகளை எழுதினார். அன்று பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற மருத்துவர்கள் எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று இந்தப் பாதிப்புகள் அனைத்தையும் சேர்த்து 'ஃபீடல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸ்ஆர்டர்', சுருக்கமாக எஃப்ஏஎஸ்டி என்கிறார்கள். பீர், ஒயின், விஸ்கி என்ற வித்தியாசம் கருவுக்குக் கிடையாது. ஒரே இரவில் நிறையக் குடிப்பதுதான் அதிக ஆபத்து. ரத்தத்தில் மதுவின் அளவு அப்போதுதான் உச்சத்துக்குப் போகும். மூளை ஒன்பது மாதமும் வளர்வதால், 'முதல் மூன்று மாதம் தாண்டிவிட்டால் பரவாயில்லை' என்பது தவறு. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அதற்கு மேல் நடக்கும் சேதம் நின்றுவிடும் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

உறுதியில்லாத பகுதிகளும் இருக்கின்றன. மிகக் குறைந்த அளவு மது என்ன செய்கிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 'இவ்வளவு வரை ஆபத்தில்லை' என்று ஓர் அளவை யாராலும் காட்ட முடியாததால்தான் அறவே வேண்டாம் என்கிறார்கள். ஒரே அளவு குடித்த இரண்டு தாய்மாரின் பிள்ளைகள் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதும் இல்லை. ஒரே வயிற்றில் வளர்ந்த இரட்டையரிலேயே, ஒரே கருமுட்டையிலிருந்து வராதவர்கள் என்றால், ஒருவருக்கு அதிகமாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் பாதிப்பு இருக்கலாம். மரபணு, தாயின் வயது, ஊட்டச்சத்து, புகை எல்லாம் இதில் சேர்கின்றன. கர்ப்பத்தில் மது குடித்த பெண்களில் ஏறக்குறைய 13 பேருக்கு ஒருவரின் குழந்தைக்கு எஃப்ஏஎஸ்டி வரலாம் என்று 2017-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. குறைவாகக் குடித்தவர், நிறையக் குடித்தவர் எல்லாரையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. ஆகவே உங்கள் தங்கை மகன் விஷயத்தில் மது காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று சொல்லலாம், இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. காது சரியாகக் கேட்காதது, குறைமாதப் பிரசவம், மரபணுக் கோளாறு, வீட்டில் பார்க்கும் சண்டை, தூக்கக் குறைவு என எதுவும் இதே போன்ற நடத்தையைக் காட்டும். பல குழந்தைகளிடம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். நேரில் பார்க்காமல் எழுத்தில் இதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது.

கண்டறிவது எப்படி என்று தெரிந்துகொண்டால் தங்கையின் வார்த்தை ஏன் அவ்வளவு முக்கியம் என்பது புரியும். ஏழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, கருவில் இருந்தபோது மது பாதித்ததா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. முகத்தில் மூன்று அடையாளங்களைப் பார்ப்பார்கள்: கண் திறப்பின் நீளம் குறைவாக இருப்பது, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் தட்டையாக இருப்பது, மேலுதடு மெலிந்திருப்பது. கண்ணின் உள் மூலையிலிருந்து வெளி மூலை வரை மில்லிமீட்டரில் அளந்து வயதுக்கான அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். உதட்டையும் பள்ளத்தையும் ஐந்து படங்கள் கொண்ட அட்டையை முகத்தருகே பிடித்துப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அப்போது குழந்தை சிரிக்கக் கூடாது, சிரித்தால் யாருடைய உதடும் மெலிந்துதான் தெரியும். ஆனால் இந்த அடையாளங்கள் உருவாவது முகம் அமையும் மிகக் குறுகிய நாட்களில், கருத்தரித்த மூன்றாவது வாரத்தை ஒட்டி. அந்த நாட்களில் மது போகாமல் பிறகு போயிருந்தால் முகம் இயல்பாகவே இருக்கும், மூளை மட்டும் பாதிக்கப்பட்டிருக்கும். பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் இப்படித்தான். கனடாவின் 2015 வழிகாட்டி மூளையின் வேலைகளைப் பத்தாகப் பிரிக்கிறது: நினைவு, கவனம், மொழி, திட்டமிடல், உணர்ச்சியை அடக்குவது, அன்றாட வாழ்வைச் சமாளிப்பது போன்றவை. அவற்றில் குறைந்தது மூன்றில் கடுமையான குறை இருக்க வேண்டும். மூன்று முக அடையாளங்களும் இருந்தால் தாய் குடித்தாரா என்று தெரியாவிட்டாலும் முடிவு சொல்லலாம். அவை இல்லையென்றால் குடித்தது உறுதியாகத் தெரிய வேண்டும். முகம் இயல்பாக இருக்கும் பிள்ளைக்கு வழி திறப்பது பெரும்பாலும் தாய் சொல்லும் அந்த உண்மைதான்.

அதைத் தங்கையிடம் எப்படிப் பேசுவது? அவர் குடிக்காத நேரமாக, காலை வேளையாக, கணவரும் மற்றவரும் அருகில் இல்லாத இடமாகப் பாருங்கள். "நீ ஏன் அப்படிச் செய்தாய்" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்துவிடும். இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "அவன் வயித்துல இருந்தப்போ நீ எவ்வளவு கஷ்டத்துல இருந்தேன்னு எனக்குத் தெரியும். அப்போ குடிச்சது அவன் மூளையைக் கொஞ்சம் பாதிச்சிருக்கலாம்னு தெரிஞ்சுக்கிட்டேன். டாக்டர்கிட்ட சொன்னா அவனுக்குச் சரியான உதவி கிடைக்கும். நீ சொல்றப்போ நான் பக்கத்துலயே இருக்கேன்." அவர் மறுக்கலாம், அழலாம், எழுந்து போய்விடலாம். வற்புறுத்த வேண்டாம், சில வாரம் கழித்து மறுபடி பேசுங்கள். கர்ப்பம் என்று தெரியாமலே குடித்தவர்கள் உண்டு, குடியை விட முடியாத நோயில் இருந்தவர்கள் உண்டு, அடி உதையை மறக்கக் குடித்தவர்கள் உண்டு. பிள்ளையைக் கெடுக்க வேண்டும் என்று குடித்த தாய் இல்லை. நீங்கள் இதை மனதார நம்பினால் உங்கள் குரலிலேயே அது தெரிந்துவிடும்.

அவர் ஒப்புக்கொண்டால் விவரங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள், மருத்துவர் எதிரில் ஞாபகம் வராது. கடைசி மாதவிடாய் எப்போது, கர்ப்பம் என்று எந்த வாரம் தெரிந்தது, அதற்கு முன் எப்படிக் குடித்தார், பின் எப்படிக் குடித்தார், வாரத்தில் எத்தனை நாள், ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு, என்ன வகை. பத்து கிராம் சுத்த ஆல்கஹாலை ஓர் அளவாக வைத்துப் பல நாடுகளில் கணக்கிடுவார்கள். 40 சதவீத மது 30 மில்லி அந்த அளவுக்கு அருகில் வரும், 5 சதவீத பீர் 250 மில்லியிலேயே வந்துவிடும். நீங்கள் கிளாஸ் கணக்கில் சொன்னால் போதும். பிறந்தபோது எடை, தலைச் சுற்றளவு, பால் குடித்த விதம், நடந்த வயது, பேசிய வயது, பள்ளி அறிக்கைகள் எல்லாம் கூடவே போகட்டும். விவரம் சொல்வதற்கு முன்பே, "நாங்கள் சொல்வது யார் யாருக்குப் போகும்?" என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. அந்த விதிகள் நாட்டுக்கு நாடு மாறும்; தங்கையின் பயத்தில் பாதி அதில்தான் இருக்கும். அவருக்குத் தெரியாமல் நீங்கள் போய்ச் சொல்வதைக் கடைசி வழியாக வையுங்கள். பிள்ளைக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

குழந்தை வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோர் சேர்ந்து பார்ப்பதே முறை. முடிவு வரும்வரை காத்திருக்காமல் காது, கண், இதயம் மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். இதயச் சுவரில் துளை, மாறுகண், திரும்பத் திரும்ப வரும் காதுச் சீழ் ஆகியவை இக்குழந்தைகளிடம் அதிகம். வலிப்பும் வரலாம். ஏடிஹெச்டி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எஃப்ஏஎஸ்டிக்கென்று தனி மருந்து இல்லை. கவனக்குறைவுக்கான மாத்திரை சிலருக்குக் கேட்கும், சிலருக்கு அரைகுறையாகக் கேட்கும், சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். கொடுத்த நேரம், தூக்கம், பசி, கோபம் நான்கையும் இரண்டு வாரம் குறித்துக்கொண்டு போனால் அளவை மாற்றுவதா, மருந்தையே மாற்றுவதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

வீட்டில் செய்யக்கூடியதுதான் இதில் மிகப் பெரியது. இவன் அடம்பிடிக்கவில்லை, இவனால் முடியவில்லை என்ற இடத்துக்குப் பெரியவர்கள் வந்துவிட்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும். பள்ளி விட்டு வந்தவனிடம், "பையை உள்ள வச்சுட்டு, டப்பாவைக் கழுவப் போட்டுட்டு, கைகால் கழுவிட்டு வந்து உக்காரு" என்கிறோம். அவன் நேராக வந்து உட்கார்ந்துவிடுவான். கடைசியாகக் கேட்டது மட்டுமே அவன் மூளையில் நின்றது. நமக்கு அது திமிராகத் தெரிகிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அவன் திரும்பியதும் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் வராவிட்டால் அதே வார்த்தைகளில் மறுபடி சொல்லுங்கள். வேறு வார்த்தையில் சொன்னால் அவனுக்கு அது புதுக் கட்டளை. "ஓடாதே" என்பதைவிட "நட" என்பது எளிதில் போய்ச் சேரும். பல் தேய்ப்பதை நான்கு படமாக வரைந்து குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் அவன் கண் உயரத்தில் ஒட்டுங்கள். அதைக் கொண்டுபோய் ஹாலில் ஒட்டினால் பயன் இல்லை. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது இவர்களுக்கு மிகக் கடினம். நேற்று தெரிந்த வாய்ப்பாடு இன்று மறந்துபோவதும் நாளை திரும்பி வருவதும் இந்தப் பாதிப்பின் இயல்பு, சோம்பேறித்தனம் இல்லை.

இன்னொன்று, பலரை ஏமாற்றுவது இந்தக் குழந்தைகளின் பேச்சு. சரளமாக, பெரிய மனிதர் போலப் பேசுவார்கள். பேசும் அளவுக்குப் புரிந்துகொள்ளும் திறன் இருக்காது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது" என்றுதான் வரும். செய்து காட்டச் சொல்லுங்கள், அப்போது தெரியும். பொய் சொல்கிறான் என்ற புகாரும் இதோடு சேர்ந்ததே. ஞாபகத்தில் விழுந்த ஓட்டையை மூளை தானாக ஒரு கதையால் அடைத்துக்கொள்கிறது, அவன் அதை உண்மையென்றே நம்புகிறான். "ஏன் உடைச்சே?" என்று குறுக்கு விசாரணை செய்யச் செய்யக் கதை நீளும். "கிளாஸ் உடைஞ்சிருக்கு, வா, சேர்ந்து பெருக்கலாம்" என்பதோடு முடித்துவிடுங்கள். தண்டனையும் பரிசும் உடனே, அங்கேயே, சின்னதாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை நட்சத்திரம் சேர்த்தால் பொம்மை என்ற ஏற்பாடு தோற்றுப்போவதற்குக் காரணம், செயலையும் அதன் விளைவையும் முடிச்சுப்போடும் பகுதியே அவனுக்குப் பலவீனமாக இருப்பதுதான். அதே காரணத்தால் ரோடு, தண்ணீர், நெருப்பு, முன்பின் தெரியாதவர், செல்போன் ஆகியவற்றில் அவனை நான்கு வயதுப் பிள்ளையாக நினைத்துக் கண்காணியுங்கள். உடல் வளர்ந்தாலும் சூதுவாது தெரியாமல் இருப்பதால், பதின்வயதில் மற்றவர்கள் இவர்களை எளிதாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

வெடித்து அழும் நேரத்தில் அறிவுரை உள்ளே போகாது. காதைப் பொத்துவது, இங்கும் அங்கும் நடப்பது, குரல் உயர்வது என்று முன்னறிகுறி தெரிந்ததும் பேச்சைக் குறைத்து, டிவியை அணைத்து, மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம். அடங்கியதும் தண்ணீரும் தின்ன ஏதாவதும் கொடுங்கள், விசாரணை வேண்டாம். அதற்கு முன் என்ன நடந்தது என்பதை மட்டும் நீங்கள் குறித்து வையுங்கள். சில நாட்களிலேயே ஒரு வழக்கம் புலப்படும்: பசியா, சத்தமா, சட்டைக் காலரில் உறுத்தும் லேபிளா, சொல்லாமல் மாறிய திட்டமா என்று. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பத்து நிமிடம் முன்பும் ஐந்து நிமிடம் முன்பும் சொல்லுங்கள். மணல் கடிகாரம் போல நேரம் ஓடுவது கண்ணுக்குத் தெரிவது ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. தூக்க நேரம் விடுமுறையிலும் மாறக் கூடாது.

பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். காரணத்தைச் சொல்வதும் சொல்லாததும் தங்கையின் உரிமை. தேவையை மட்டும் எழுதலாம். ஆசிரியர் அருகில், ஜன்னலிலிருந்து தள்ளி இடம். பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று. கரும்பலகையில் எழுதுவதை அவனுக்குத் தனித் தாளில் தருவது. பதற்றம் வந்தால் போய் உட்கார ஓரிடம், நம்பிப் பேச ஒரே ஒரு பெரியவர். தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பறிக்க வேண்டாம் என்று வற்புறுத்துங்கள். உடம்பை அசைத்தால்தான் அவன் மூளை அடுத்த பாடத்துக்குத் தயாராகும். கணிதம் பெரும்பாலும் அதிகம் அடிபடும் பாடம். கணிதத்துக்கும் நட்புப் பழகுவதற்கும் இக்குழந்தைகளுக்கென்றே உருவாக்கிய பயிற்சிகள் ஆய்வுகளில் பலன் காட்டியிருக்கின்றன, பெற்றோருக்கான பயிற்சிகளும் அப்படியே. கோலின் என்ற சத்தைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் எல்லாருக்கும் கொடுக்கலாம் என்னும் கட்டத்துக்கு வரவில்லை. மூளையைச் சுத்தம் செய்கிறோம், நச்சை எடுக்கிறோம் என்று வருகிறவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஏழு வயதில் தாமதமாகிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். சியாட்டிலில் 415 பேரை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரம் கண்டறியப்பட்டு நிலையான நல்ல வீட்டில் வளர்ந்தவர்கள் படிப்பு நின்றுபோவது, சட்டச் சிக்கல், போதை போன்றவற்றிலிருந்து தப்பிக்கும் வாய்ப்பு 2 முதல் 4 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. நிலையான வீடு என்றால் அதில் தங்கையின் நலமும் அடங்கும். பையனுக்கு மட்டும் சிகிச்சை, தாய்க்கு வெறும் திட்டு என்று குடும்பங்கள் பிரித்துவிடுவதுதான் நான் பெரிய தவறாக நினைப்பது.

தங்கை பெரும்பாலான இரவு குடிக்கிறார் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். காலையில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல் இருந்து, கொஞ்சம் குடித்தால் சரியாகிறது என்றால் அவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. பாட்டில்களைக் கொட்டிவிட்டுக் கதவைப் பூட்டி வைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் காய்ச்சலும் குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் வரலாம். மருத்துவமனையில் இவற்றைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து, பிறகு அதைப் படிப்படியாகக் குறைத்து, வைட்டமின் பி1 கொடுத்து, பத்திரமாக நிறுத்த வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஆலோசனை, மனச்சோர்வுக்கான சிகிச்சை, வீட்டில் வன்முறை இருந்தால் அதற்கான பாதுகாப்பு. இன்னொரு குழந்தை வேண்டுமா என்றும் கேளுங்கள். கர்ப்பம் என்று தெரிவதற்குள் சில வாரம் ஓடிவிடும் என்பதால், குடி முழுக்க நிற்கும்வரை நம்பகமான கருத்தடை அவருக்கே நிம்மதி. ஒருவேளை இப்போது கர்ப்பமாக இருந்தால் அதை மறைக்காமல் அதே மருத்துவரிடம் உடனே போக வேண்டும். கர்ப்பத்திலும் பாதுகாப்பாக நிறுத்த வைக்க முடியும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1991-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், கர்ப்ப காலத்தில் நிறையக் குடித்த தாய்க்கு ஒரே பணியாளர் மூன்று ஆண்டுகள் வீட்டுக்கு வந்து துணை நிற்பார். இடையில் மறுபடி குடித்துவிட்டாலும் அவரைத் திட்டத்திலிருந்து விலக்குவதில்லை. அப்படி ஒரு சேவை அருகில் இல்லாவிட்டால் அதில் ஒரு பகுதியைக் குடும்பத்தில் ஒருவர் செய்யலாம்: மருத்துவரிடம் கூடப் போவது, வாரத்தில் ஓர் இரவு பையனைத் தன்னோடு வைத்துக்கொள்வது, மறுபடி குடித்துவிட்டேன் என்று அவர் சொன்னால் கோபப்படாமல் "சரி, அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்போ?" என்று கேட்பது. தங்கை கணவரிடமும் ஒன்று கேட்டாக வேண்டும்: வீட்டில் அவரும் குடிக்காமல் இருப்பது. எதிரில் ஒருவர் குடித்துக்கொண்டிருக்க இன்னொருவர் விடுவது மிகவும் அரிது.

பையனுக்கு என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சீக்கிரமே தேவைப்படும். ஏழு வயதுக்கு, "உன் மூளைக்குச் சில விஷயம் மெதுவாத்தான் போகும், அதனால படம் போட்டு வச்சிருக்கோம்" என்பது போதும். மதுவைப் பற்றி அவன் தெரிந்துகொள்ளும் வயது பிறகு வரும். அப்போது அதைத் தாயே, ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். கோபத்தில் ஓர் உறவினர் வாயிலிருந்து அவன் அதைக் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது. அதனால் இப்போதைக்கு இந்த விஷயம் உங்களையும் தங்கையையும் மருத்துவரையும் தாண்டிப் போக வேண்டாம். தங்கை கணவரிடம் எப்போது சொல்வது என்பதையும் தங்கையே முடிவு செய்யட்டும்.